மூன்றாம் மாடி மோட்டார்

பெருங்களத்தூர்,
18.2.2007

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் தயவால் நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். நைட் டியூட்டி முடித்து வந்து வெறும் பிரெட்டைக் கடித்துவிட்டுப் படுத்துவிடாதே, ஒரு பிடி அரிசி போட்டு ரசமாவது வைத்துக்கொள், பொடி தீர்ந்திருந்தால் சொல், பள்ளிக்கரணை சித்தி மகன் ஏப்ரலில் லண்டன் போகிறானாம், அவனிடம் கொடுத்துவிட்டால் அங்கிருந்து டப்ளினுக்குத் தபாலில் போட்டுவிடுவான். சித்திக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சதுப்பு நிலத்தை மூடிக் கட்டடம் கட்டுகிறவர்களைத் திட்டுவதற்கு மட்டும் தெம்பு குறையவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன கூட்டமெல்லாம் திரும்பி வந்த பிறகும் இங்கே ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பது பெரும்பாடாகத்தான் இருக்கிறது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போக ஆட்டோதான். நீ அனுப்பிய போட்டோவை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், கோட்டுப் போட்டால் நீ என் அக்கா மாதிரியே இருக்கிறாய், கன்னம் மட்டும் ஒட்டிப்போயிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, உனக்குத் தெரியக் கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து தூங்குகிறார், நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். போன செப்டம்பர் கடைசியில் அப்பாவுக்கு பாத்ரூமில் சுடுதண்ணீர் கொட்டி இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. இப்போது ஆறிவிட்டது, தோல் மட்டும் வேறு நிறத்தில் பளபளவென்று இருக்கிறது, பயப்படாதே. நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா தூங்குகிறார், முடிவெட்டப் போயிருக்கிறார் என்று நான் சொன்னது பொய், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குக் காரணமானவன் மூன்றாம் மாடி ராஜகோபாலன், நம் அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர், நீ கிளம்பிய அன்று படியில் பெட்டியை இழுத்தால் டைல்ஸ் உடையும் என்று வந்து நின்றானே, அதே ஆள். நேரில் அவனை சார் என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அவன் என்றே எழுதப்போகிறேன், நீ முகம் சுளிக்காதே.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் இடது தோளுக்கும் கைக்கும் உணர்ச்சி குறைவு என்று உனக்கே தெரியும். சட்டைப் பித்தான் போட நான் வேண்டும், மீனில் முள் எடுக்க நான் வேண்டும், குளியல் மட்டும் அவரே. தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் அத்தனை வருஷம் மின்சார ரயில் ஓட்டிய மனுஷன், கடைசியில் அவர் கையில் மிச்சம் இருந்த சொந்த வேலை அது ஒன்றுதான். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான் கூப்பிட்டால்கூடப் பதில் சொல்லாமல் நிதானமாகக் குளிப்பார். அன்றைக்கும் ஷவரை வெதுவெதுப்பாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் பச்சைத் தண்ணீர் நின்றுபோய், கீசர் தண்ணீர் மட்டும் முழு வேகத்தில் அந்தச் சுரணையில்லாத தோளில் விழுந்திருக்கிறது. முகத்தில் சோப்பு, கண் மூடியிருக்கிறது. சூடு நெஞ்சுக்கு வழிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்து ஸ்டூலோடு சரிந்துவிட்டார், குழாய்க்குக் கை எட்டவில்லை. வாளி உருண்ட சத்தம் கேட்டு நான் ஓடிப் போய்த் தட்டினால் கதவைத் திறக்க ஆள் இல்லை. இரண்டாம் மாடி ஹனீஃபா பாய், குரோம்பேட்டையில் தோல் வியாபாரம் செய்கிறாரே அவர்தான், நான் போட்ட கூச்சலுக்கு நம் முதல் மாடிக்கு இறங்கி வந்து தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். உள்ளே ஒரே ஆவி. உன் அப்பா கத்தவில்லை ஆஷா. துண்டு எங்கே என்று கேட்டார், அடுத்த வீட்டுக்காரர் முன்னால் உடம்பை மூடிக்கொள்ள. அந்தத் துண்டை நான்தான் எடுத்துத் தோளில் போட்டேன், திரும்ப எடுத்தபோது தோலும் அதோடு வந்தது. இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதினால் உன் அம்மாவை நீ கெட்டவள் என்று நினைத்துவிடுவாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அப்பாவை நானும் ஹனீஃபா பாயும் இரண்டு பக்கமும் பிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தோம், அவன் மேலேயிருந்து கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கி வந்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நானே நின்று, சார், பச்சைத் தண்ணீர் அடிக்கடி நிற்கிறது, லைனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “உங்க மிக்சர் பழசு மேடம், லைன்ல ஒண்ணும் இல்ல. உடம்பு முடியாதவர தனியா குளிக்க விட்டுட்டு தண்ணி மேல பழி போடாதீங்க.” கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் கேட்டார். அன்றிலிருந்து அவர் தனியாகக் குளிக்கவில்லை. புண் ஆறும் வரைக்கும் துடைத்துவிட்டேன், சரி. ஆறிய பிறகும் பாத்ரூம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு ஸ்டூலில் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டார். நான் முதுகு தேய்க்கும்போது சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். வெந்த தோலுக்குக்கூட நான் அந்த ஆளை விட்டிருப்பேன் ஆஷா, இதற்கு விடக் கூடாது என்று அந்த முதுகைத் தேய்க்கும்போதுதான் முடிவு செய்தேன்.

முதலில் சூடும் பச்சையும் கலக்கிற அந்த மிக்சர் குழாயையே மாற்றினேன், அவன் சொன்ன சாக்கு அவனுக்கு இல்லாமல் போக வேண்டும் என்பதற்காக. தாம்பரம் கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கிப் போட்டாயிற்று. அப்புறமும் அதே கதை, நன்றாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று பச்சை நூலாகிவிடும், சூடு மட்டும் கொட்டும், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்தே பிழைத்தவள், லைனில் ஒரு இரைச்சல் வந்தால் எங்கேயிருந்து என்று தேடாமல் விட்டதில்லை. தினமும் காலையில் அப்பா பேப்பர் படிக்கிற நேரத்தில் பாத்ரூமுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரை மட்டும் திறந்துவிட்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மேலே எங்கோ கீயென்று மெல்லிசாக ஒரு சத்தம் ஆரம்பிக்கும், என் விரலில் தண்ணீர் இளைக்கும். சத்தம் நிற்கும், தண்ணீர் வந்துவிடும். ஹனீஃபா பாயைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர் கேட்டுவிட்டு, “அக்கா, இது மோட்டார் சத்தம். என் வூட்ல வச்சிருந்தேனே, அதுவும் இப்டித்தான் கத்தும். மேல யாரோ லைன்லருந்து இழுத்துகினு இருக்காங்க” என்றார். உனக்கு நினைவிருக்கிறதா, நீ இங்கே இருக்கும்போதே ஹனீஃபா பாய் ஷவருக்கு வேகம் போதவில்லை என்று சின்ன மோட்டார் ஒன்று வைத்து, ராஜகோபாலன் அதை எல்லார் முன்னாலும் கழற்ற வைத்தான். பொதுக் குழாயில் தனி மோட்டார் வைப்பது அடுத்த வீட்டுத் தண்ணீரைத் திருடுவதற்குச் சமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். அந்தக் காகிதம் இன்றைக்கும் அங்கேதான் மஞ்சளாகித் தொங்குகிறது.

நம் கட்டடத்தில் தண்ணீர் வருகிற விதத்தையும் சொல்கிறேன், அப்போதுதான் புரியும். மொட்டை மாடியில் இரண்டு டாங்க். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கீசருக்கும் சமையலறைக்கும் லாரியில் வரும் நல்ல தண்ணீர் டாங்கிலிருந்து ஒரு குழாய், மற்றதற்கெல்லாம் போர் டாங்கிலிருந்து ஒரு குழாய். அதாவது ஷவரில் சூடு ஒரு டாங்கிலிருந்து வருகிறது, பச்சை இன்னொரு டாங்கிலிருந்து வருகிறது. போர் குழாய் உப்புப் படிந்து உள்ளே ஏற்கெனவே குறுகிக் கிடக்கிறது. மேலே ஒருத்தன் மோட்டாரைப் போட்டு அதை உறிஞ்சினால் கீழே நமக்குப் பச்சை வராது, சூடு மட்டும் அது பாட்டுக்கு வரும். இவ்வளவுதான் சங்கதி. மூன்றாம் மாடி டாங்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் அங்கே தண்ணீருக்கு வேகம் இருக்காது. அவனுக்கு மழை மாதிரி கொட்டுகிற பெரிய ஷவர் வேண்டும், அதற்காக உள்ளே பரணில் மோட்டாரை ஒளித்துவைத்து உன் அப்பாவை வேகவைத்தான். நான் மேலே ஏறிப் போய்க் கேட்டேன். வாசலில் நிறுத்தியே பேசினான். “அது எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் மேடம்” என்றான். பார்க்கட்டுமா என்றேன். “எங்க பாத்ரூம்ல நீங்க வந்து என்ன பாக்கப் போறீங்க? வயசான காலத்துல ரெஸ்ட் எடுங்க” என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். அப்பாவிடம் வந்து சொன்னேன், போலீஸ், வக்கீல் என்று கொஞ்சம் கத்தினேன். அவர் வாய் குழறக் குழற, விட்டுவிடு, நாம் சீக்கிரம் போகிற ஆட்கள், எதற்கு விரோதம் என்றார். அவர் மன்னித்துக்கொள்ளட்டும், அது அவர் தோள். முதுகு தேய்க்கிறவள் நான்.

கிறிஸ்துமஸ் வந்தது. எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற மாதிரி மூன்றாம் மாடிக்கும் கேக்கும் முறுக்கும் நானே எடுத்துப் போனேன். அவனுக்குப் பெரிய சந்தோஷம், மேடம் கோபத்தையெல்லாம் மறந்துட்டாங்க என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பொங்கல் முடிந்ததும் சங்கத்தின் வருஷக் கூட்டம், அவன் மறுபடியும் செயலாளராக நிற்க வேண்டும், அதனால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தை எங்கள் வீட்டு ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள், இவர் மொட்டை மாடிக்கு ஏற முடியாது, இவருக்கும் நாலு மனுஷரைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதற்கு உடனே தலையாட்டினான். கேக் கொண்டுபோன தட்டைத் திருப்பிக் கொடுக்க அவன் மனைவி வேதா வந்தாள். நல்ல மாதிரிதான் அவள், படியில் பார்த்தால் என் பையை வாங்கித் தூக்கி வருவாள். ஆனால் அந்த மோட்டார் தண்ணீரில் தினமும் குளிக்கிறவள்தானே என்று அவள்மேலும் எனக்கு எரிச்சல் இருந்தது. அவள் வந்த நேரம் அப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார், தோளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தாள். தட்டைப் பிடித்தபடியே நின்று அழுதாள். அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், அழுதது போதும், மோட்டார் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல் என்றேன். “இருக்கு ஆன்ட்டி. ஷவரத் தொறந்தாலே அதுவா ஓட ஆரம்பிச்சிடும். அங்கிள் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே கழட்டிடலாம்னு சொன்னேன். இப்ப கழட்டினா நாமதான்னு தெரிஞ்சிடும், வாய மூடுன்னார்” என்றாள். அப்படியானால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேன். கூட்டத்தன்று உன் செல்லுக்கு என் நம்பரிலிருந்து மிஸ்டு கால் வரும், வந்ததும் போய் ஷவரைத் திறந்து குளி, வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலைக்குக் குளிக்கட்டுமா ஆன்ட்டி, அதுக்குத்தான் நேரமாகும் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எல்லார் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள், நாற்காலி போதாமல் கட்டிலை இழுத்துப் போட்டோம். நான் காபி கொடுத்தேன், அவனுக்கு இரண்டாம் தடவையும் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா கீசர் சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்லியிருந்தார், அன்று மத்தியானம் நான் அதைப் பழையபடி ஏற்றிவைத்தேன். இது அப்பாவுக்குத் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று அவன் கேட்டபோது நான் எழுந்து, எங்கள் பாத்ரூம் மிக்சரை மாற்றிவிட்டேன், செயலாளர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் மனசுக்கு நிம்மதி, எல்லாரும் வாருங்கள் என்றேன். சிரித்தார்கள், ஆனால் வந்தார்கள். உள்ளே நானும் அவனும் ஹனீஃபா பாயும், கதவு நெடுக மற்றவர்கள். நான் ஷவரைத் திறந்து வெதுவெதுப்பாக வைத்து, கையை நீட்டிப் பாருங்கள் சார் என்றேன். நீட்டினான். “கரெக்டா இருக்கே மேடம், இதுல என்ன கம்ப்ளைன்ட்?” என்றான். “கைய எடுக்காதீங்க சார். கொஞ்சம் அப்படியே வச்சிருங்க. தண்ணி மேல பழி போடக் கூடாது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே முந்தானைக்குள் இருந்த செல்லை அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே கீயென்று அந்தச் சத்தம் ஆரம்பித்தது. எல்லாருக்கும் கேட்டது. தண்ணீர் சூடாவதற்கு முன்னாலேயே அவன் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தான் ஆஷா, அங்கேயே மாட்டிக்கொண்டான், தெரியாதவன் ஏன் மேலே பார்க்க வேண்டும். ஹனீஃபா பாய் அதைப் பார்த்தார். “இன்னா சார் மேல பாக்குறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தானோ, இல்லை நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ரோஷமோ, தெரியாது. பச்சை இளைத்தது, சூடு ஏறியது, ஆவி கிளம்பியது, அவன் விரல்கள் சிவந்துகொண்டே வந்தன. தாடை இறுகி, நெற்றியில் வேர்வை. ஹனீஃபா பாய், “கைய எடுங்க சார்” என்றார், அப்புறம் என்னைப் பார்த்து, “அக்கா, மூடுங்க” என்றார். குழாய் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் மூடவில்லை. எனக்குள் ஒரு பதற்றமும் இல்லை, அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நான் நன்றாக மூச்சு விட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது கதவருகே நின்றவர்களை விலக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உன் அப்பா வந்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை, அவராகவே வந்தார். என்னைத் தாண்டி வலது கையை நீட்டி, கொட்டுகிற தண்ணீரில் அவர் கையும் நனைய, குழாயைத் திருகி மூடினார். “போதும் மெட்டில்டா” என்றார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் என் பெயரைச் சொன்னதில்லை.

மேலே மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் யாரோ படியில் இறங்கி வருகிற சத்தம். வேதா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கழுத்தெல்லாம் ஈரமாக வந்து வாசலில் நின்றாள். யாரும் கேட்காமலேயே, “நான்தான் குளிச்சேன். பரண்ல மோட்டார் இருக்கு, வந்து பாருங்க” என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராவது என்றால் சுருண்டிருப்பார்கள். அவள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். ஹனீஃபா பாயும் இன்னும் இரண்டு பேரும் மேலே போய் மோட்டாரைக் கையில் தூக்கிக்கொண்டே இறங்கி வந்தார்கள், அதை ஹாலில் காபி டம்ளர்களுக்கு நடுவில் வைத்தார்கள். அவன் கை கொப்பளித்துவிட்டது, நம் வீட்டிலிருந்து நேராக டாக்டரிடம் போனான். போகும்போது உன் அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா, முதல்ல கைய பாருங்க என்று சொல்லி அனுப்பினார். அவனை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்று அதற்கான பேச்சை நான் அத்தனை மாதம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதற்கு இடம் கொடுக்காமல் இவரே வழியனுப்பிவிட்டார்.

இப்போது செயலாளர் ஹனீஃபா பாய். வந்ததும் முதல் வேலையாகக் குளிக்கிற ஷவருக்குச் சூடு, பச்சை இரண்டும் ஒரே டாங்கிலிருந்து வருகிற மாதிரி எல்லா வீட்டுக்கும் குழாயை மாற்ற வைத்தார். இனி யார் எதைத் திறந்தாலும் இரண்டும் சேர்ந்து குறையும், சேர்ந்து கூடும், ஒன்று நின்று ஒன்று மட்டும் கொட்டாது. கீசர் சூட்டையும் குறைத்துவிட்டேன், நிஜமாகத்தான். உங்கள் ஊரில் சூட்டுக்கு ஒரு குழாய், பச்சைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருக்கிறது, கை கழுவ இரண்டுக்கும் நடுவில் ஆட வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாயே, அப்படியே இருக்கட்டும், வேறு வீடு மாறினால் ஷவருக்கு அடியில் போய் நிற்பதற்கு முன்னால் கையை வைத்துப் பார், பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நில். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் சொட்டுகிறது, மொட்டை மாடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மோட்டார் வைக்கலாமா என்று போன வாரம் பேச்சு வந்தது. நான் எழுந்து வேண்டாம் என்றேன், இன்னும் மூன்று வீட்டை வேண்டாம் என்று சொல்லவும் வைத்தேன். அந்தப் பெரிய ஷவருக்கு அடியில் அவன் வாளியும் சொம்பும் வைத்துக்கொண்டு இடது கையால் மொண்டு ஊற்றுகிறானாம், வேதா சொன்னாள். உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். “நான் எப்பவும் வாளிதான் ஆன்ட்டி, ஷவர் அவருக்கு மட்டுந்தான்” என்றாள். கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், அவன் அவளோடு பேசுவதில்லையாம், வீடு நிம்மதியாக இருக்கிறது என்கிறாள்.

குழாய் மாற்றிய மறுநாள் உன் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். புதுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை, தண்ணீர் சத்தம் மட்டும் வந்தது. அதோடு எனக்கு எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. இந்த மாதம் முதல் ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து. யார்மேலாவது பகை இருந்தால் அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று சபை ஐயர் வழக்கம்போலச் சொன்னார். அப்பா எழுந்து என் கையைப் பிடித்தார், போகலாம் வா என்கிற மாதிரி. அவர் என்றைக்கோ விட்டுவிட்டார். நான் கையை உருவிக்கொண்டேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி என்னைத் தாண்டிக்கொண்டு போனார்கள். அவர் தனியாகக் கோலை ஊன்றி நடந்து போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு வந்தார். பொய் சொல்லி நான் அதை வாங்க மாட்டேன் ஆஷா. அந்தக் குழாய் இப்போதும் என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இப்போதும் நான் அதை மூடவில்லை.

சரி, அவர் எழுந்திருக்கிற நேரமாகிவிட்டது, டீ போட வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது கை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டுவிடாதே, அவராகச் சொல்லும் வரைக்கும் உனக்கு ஒன்றும் தெரியாது. என்னைத் திட்ட வேண்டுமானால் கடிதத்தில் திட்டு. கழுத்துக்கு மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைபடுகிற நோயாளிகளுக்கெல்லாம் சுகம் கொடுத்து, உன்னை நல்லபடியாக எங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவாராக. எங்களுக்காக ஜெபம் செய், ஆனால் அம்மாவின் மனசை மாற்றும் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மெட்டில்டா தனசிங்